காது மடங்கிப் பிறந்த குழந்தை: காத்திருப்பதா, காட்டுவதா?

காது மடலைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் ஆன பிறகுதான் வருகின்றன. அதே கேள்வி முதல் வாரத்திலேயே வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதனால்தான் இந்த முறை காதுக் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

பையன் பிறந்து 5 நாள் ஆகிறது. வலது காதின் மேல்பகுதி கீழே மடங்கியிருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். விட்டுவிடலாமா, டாக்டர்?

ஒரு வாரம் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். கருப்பையில் அழுந்தி மடங்கிய காதுகளில் சில, முதல் வாரத்திலேயே தாமாக விரிந்துவிடும். 7 நாள் ஆகியும் அப்படியே இருந்தால் காட்டிவிடுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் குருத்தெலும்பில் ஹையலுரானிக் அமிலம் கூடி, மடல் துவண்டு வளையும். பிறந்த முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன் வேகமாகக் குறைந்து, ஆறு வாரத்துக்குள் வற்றிவிடும். மடலும் விறைத்துவிடும். இந்த இடைவெளியில் அச்சுப் பிடித்தால் கத்தி வைக்காமலே வடிவம் திரும்பும் என்பதை 1984-இல் ஜப்பானின் மாட்சுவோ குழுவினர் எழுதினார்கள். இன்று உலகெங்கும் செய்யப்படும் 'இயர் மோல்டிங்' அதன் தொடர்ச்சிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மடங்கிய இடத்தை விரலால் மெல்ல நிமிர்த்துங்கள். காது இயல்பான வடிவத்துக்கு வருகிறதா? அப்படியென்றால் சதையும் குருத்தெலும்பும் குறையவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த வகைக்கு மோல்டிங் நன்றாகப் பலன் தரும். மடலின் மேல்பகுதி தலைத் தோலுக்குள் புதைந்திருப்பது, காதின் மேல் ஓரம் கூராக நீண்டிருப்பது ஆகியவையும் இதில் சேரும்.

மோல்டிங்கில் என்னதான் செய்வார்கள்? குழந்தைக்கு வலிக்குமா?

வலிக்காது, மயக்க மருந்தும் தேவையில்லை. காதைச் சுற்றியுள்ள முடியை மழித்து, தோலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைப்பார்கள். பிறகு மடலின் பள்ளத்தில் மெல்லிய சிலிகான் அச்சு ஒன்றைப் பதித்து டேப்பால் ஒட்டுவார்கள். இதற்கென்றே தயாரித்த கருவிகள் இருக்கின்றன, விலை அதிகம். குழந்தைக்குப் பாலூட்டும் மெல்லிய ட்யூபுக்குள் வளையும் கம்பியைச் செருகி அச்சாக்கும் டாக்டர்களும் உண்டு. சரியாகச் செய்தால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

முதல் வாரங்களில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் முடிந்துவிடும். அதுவரை தலைக்கு ஊற்றாமல் உடம்பை மட்டும் துடைத்துவிடுங்கள். பால் கொடுப்பதில் எந்த மாற்றமும் வேண்டாம். தூங்கும்போது எப்போதும்போல மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

கவனிக்க வேண்டியது தோலைத்தான். அச்சு அழுத்தும் இடத்தில் சிவந்தாலோ, புண் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, அடுத்த முறை காட்டலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே காட்டுங்கள். நீங்களாக டேப் வாங்கி ஒட்டாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். பச்சிளம் தோல் அவ்வளவு மெல்லியது.

மாமியார் தினமும் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும்போது காதை நீவி விடுகிறார். அதுவே போதாதா?

அவருடைய அக்கறை நல்லதுதான், ஆனால் பலன் கிடைக்காது. நீவிய விரலை எடுத்ததும் காது பழைய இடத்துக்குப் போய்விடும். வடிவம் மாற வேண்டுமானால் இரவும் பகலும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று, எண்ணெய் பட்ட தோலில் டேப் நிற்காது. அச்சு இருக்கும்வரை தலைப்பக்கம் எண்ணெய் வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். காதுக்குள் எண்ணெய் விடுவது எப்போதுமே கூடாது.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று வீட்டில் என்னைத் திட்டுகிறார்கள்.

கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. வயிற்றில் குழந்தை கிடந்த கோணம், அங்கே இருந்த நெருக்கடி, காதைச் சுற்றிய சிறு தசைகளின் அமைப்பு ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். நீங்கள் செய்தது, செய்யாதது எதுவும் இல்லை. பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண்ணிடம் இப்படிப் பேசுபவர்கள் இந்தப் பதிலை ஒருமுறை படிக்கட்டும்.

பாப்பாவுக்கு 4 மாதம். காது விடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறந்தபோது இப்படி இல்லை.

அப்படி நடப்பதுண்டு. பிறக்கும்போது ஒட்டியிருந்த காது, சில மாதங்களில் விடைத்துக்கொள்ளலாம். 4 மாதத்தில் மோல்டிங்குக்கு உறுதியான பலனை நான் சொல்லமாட்டேன். கேட்கும் திறன் சரியாக இருந்தால் இது தோற்றம் சார்ந்தது மட்டுமே. வேண்டுமானால் 5, 6 வயதுக்குப் பிறகு சிறிய அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். காது அப்போது ஏறக்குறைய முழு அளவை எட்டியிருக்கும்.

ஒரு பக்கம் மடலே இல்லை, சின்னச் சதைத்துண்டு மட்டும் இருக்கிறது. காதுத் துளையும் தெரியவில்லை. அச்சு வைத்தால் வளருமா?

வளராது. இது மைக்ரோஷியா, மடல் முழுதாக உருவாகாத நிலை. அச்சால் இல்லாததை உண்டாக்க முடியாது. இதில் உங்கள் முதல் கவலை மடலாக இருக்க வேண்டாம், கேட்கும் திறனாக இருக்கட்டும். இரண்டு காதுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள், நன்றாகத் தெரியும் காதையும் சேர்த்துத்தான். 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் பெரா (BERA, ஒலிக்கு நரம்பும் மூளையும் தரும் மின் அலைகளைப் பதிவது) போன்ற உறுதிச் சோதனை, குறை இருந்தால் 6 மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் கணக்கு.

உட்காது தனியாக உருவாவதால் பல குழந்தைகளுக்கு அது நன்றாகவே இருக்கும். அவர்களுக்கு, எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவியை மென்மையான தலைப்பட்டையில் மாட்டிவிடலாம், அறுவை சிகிச்சை வேண்டாம். மடலை விலா எலும்புப் பக்கத்துக் குருத்தெலும்பிலிருந்து செதுக்கி வைப்பது பெரும்பாலும் 6 வயதுக்கு மேல், 10 வயதுக்குள். முகத்தின் ஒரு பக்கம் சிறுத்திருந்தாலோ வேறு குறை இருந்தாலோ சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மோல்டிங் முடிந்து எத்தனை நாளில் காது குத்தலாம்?

அச்சை எடுத்து, தோல் முழுக்க ஆறி, வடிவம் நிலைத்த பிறகு குத்தலாம். அதற்குச் சில மாதம் விடுங்கள். குத்தும்போது கீழ்ச்சோணையில் மட்டும் குத்துங்கள். மேலே குருத்தெலும்பில் குத்தி அங்கே சீழ் பிடித்தால், சிரமப்பட்டுத் திருத்திய மடலே சுருங்கிப் போகக்கூடும்.