சுண்ணாம்பின் சூடு எங்கே போயிற்று?

கேள்வி: கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்க இரண்டு மூட்டை சுட்ட சுண்ணாம்பு வாங்கினோம். முதல் மூட்டை தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறித்தது. மழைக்காலம் கழித்துப் பிரித்த இரண்டாவது வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. அடியில் ஒரே கசடு. அடுப்பில்லாமல் சூடு எப்படி வந்தது, பிறகு ஏன் வரவில்லை?
(வாசகர், மோல்மேன்)

பதில்: அது சூளையில் வாங்கிய சூடு. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுடும்போது கரியமில வாயு பிரிகிறது. அதற்காகக் கல் மோலுக்கு (அதாவது சுமார் 100 கிராம் கல்லுக்கு) 178 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் சேர்த்து நீற்றும்போது அதில் 65 திரும்பி வருகிறது. மீதி 113, மதிலில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி கல்லாகும்போது வெளியேறும். நாள்கணக்கில் மெல்ல நடப்பதால் கைக்குத் தெரியாது. 65-ம் 113-ம் சேர்ந்தால் அதே 178. எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று வேதியியலாளர் ஹெஸ் 1840-இல் சொன்ன விதிக்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

நல்ல சுண்ணாம்பு ஒரு வீசை (1.63 கிலோ) முழுக்க நீறினால் சுமார் 1,900 கிலோஜூல் வரும். ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும்.

உங்கள் இரண்டாவது மூட்டை மழைக்கால ஈரத்தில் மூட்டைக்குள்ளேயே நீறி, சூட்டை அங்கேயே விட்டிருக்கும். மூட்டை பருத்து, கட்டிகள் மாவாக உதிர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம். மாவு புதிதென்றால் பயன்படும். கசடு, காற்றுப்பட்டு மறுபடி கல்லானதாகவோ சூளையில் வேகாத கல்லாகவோ இருக்கும்; துணியில் வடித்துக் கொட்டிவிடுங்கள்.

நல்ல சுண்ணாம்பும் தவறாக நீற்றினால் இப்படி ஆகும். குளிர்ந்த தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் சூடு ஏறாது; கட்டியின் மேல்தோல் மட்டும் நீறி, உள்ளே பச்சையாக நிற்கும். அது மதிலில் ஏறிய பிறகு நீறிப் பருத்துப் பொரிப்பொரியாகத் தெறிக்கும். வீசைக்கு ஐந்து லிட்டர் வைத்து, முதலில் தண்ணீர், பிறகு சிறுகச் சிறுகச் சுண்ணாம்பு என்று போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும். இரும்புத் தொட்டி நல்லது. பிளாஸ்டிக் வாளி நெளியும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். கண்ணாடி அணியாமல் கிளறாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போகவேண்டும். நீற்றியதை ஓரிரு நாள் ஊறவிட்டுப் பூசுங்கள். பிந்தி நீறும் மணிகள் அதற்குள் அடங்கிவிடும்.

கேள்வி: யூரியா கரைத்தால் வாளி சில்லிடுகிறதே, உரம் கெட்டதா?
(வாசகர், பெகு)

பதில்: கெடவில்லை. யூரியா கரைய வெப்பம் தேவை; அதைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 200 கிராமை அரை லிட்டரில் போட்டால் ஏறக்குறைய 20 டிகிரி இறங்கும். குளிர்ந்த நீரில் கரைவதும் மந்தமாகும். வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து, முழுக்கக் கரைந்தபின் 10 லிட்டர் தெளிப்பானில் ஊற்றுங்கள். கரையாத மணிதான் முனையை அடைக்கும்.