கேமராவும் கணக்குப் புத்தகமும்

அன்புள்ள சார்,

எனக்கு 37 வயது. 14 வருடமாக ஆடிட் வேலை. நான்கு வருடத்துக்கு முன் சும்மா ஒரு பொழுதுபோக்காகக் கேமரா வாங்கினேன், இப்போது இரண்டு நாள் லீவு கிடைத்தால் காடுதான். வேலையை விட்டுவிட்டு, காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் பைத்தியமா என்கிறார்கள். இந்த வயதில் தொடங்கலாமா? 600 எம்.எம். லென்ஸ் வாங்கிவிட்டு ராஜினாமா செய்வதா, செய்துவிட்டு வாங்குவதா? இதில் பிழைக்க முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், லென்ஸும் ராஜினாமாவும்.

வயதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற இரண்டு பேரைச் சொல்கிறேன். பால் நிக்லன் கனடாவில் உயிரியலாளராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். நிக் பிராண்ட் பாட்டு வீடியோ இயக்குநராக இருந்தவர். மைக்கேல் ஜாக்சனுக்காகப் படம்பிடிக்க தான்சானியா போன இடத்தில்தான் அந்த ஊர் விலங்குகள் மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. வேறு வேலையிலிருந்து வருவது இந்தத் தொழிலில் புதிதே இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. உங்கள் கடிதத்தில் காடு இருக்கிறது, கேமரா இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, வீட்டார்கூட இருக்கிறார்கள். ஒரு விலங்கு இல்லை. அதற்கு என்ன ஆபத்து, யாரால் ஆபத்து, யார் மனசு வைத்தால் அது மாறும் என்று ஒரு வரி இல்லை. காட்டுயிர்ப் படக்காரருக்கு அது தேவையில்லை, நல்ல புலி கிடைத்தால் போதும். பாதுகாப்புக்காக எடுப்பவருக்கு அந்த வரிதான் முதல். அதை யோசித்து முடித்த பிறகுதான் என்ன படம் வேண்டும் என்பதே தெரியும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் சிறுத்தைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், சிறுத்தை என்று வாய் தவறிச் சொல்கிறேன், அது பூமா, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய காட்டுப்பூனை. இரவில் ஹாலிவுட் எழுத்துகளுக்குக் கீழே நடந்துபோகும். ஸ்டீவ் வின்டர் எடுத்தது, நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் 2013 டிசம்பரில் வந்தது. தானியங்கிக் கேமராவை வைத்துவிட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்து எடுத்த படம். பி-22 என்று பெயரிடப்பட்ட அந்த ஆண் பூமா, இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளைத் தாண்டி வந்து ஒரு பூங்காவில் தனியாக மாட்டிக்கொண்டது. பூமா அழகு என்பதற்காக மட்டும் அந்தப் படத்தைக் கொண்டாடவில்லை. சாலைகள் இந்த விலங்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டன என்று ஆய்வாளர்கள் எத்தனையோ தடவை சொன்னதை ஒரே பார்வையில் புரியவைத்தது. 2022 ஏப்ரலில் அங்கே நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க ஒரு பாலம் கட்டத் தொடங்கினார்கள். படம் மட்டுமே பாலம் கட்டிவிடாது, ஆனால் நிதி திரட்டியவர்கள் கையில் அந்த பூமாவின் முகம் இருந்தது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆடிட்டர். அதை ஏதோ தப்பித்து ஓடவேண்டிய இடம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ பொறாமையாக இருக்கிறது. கொம்பு அறுக்கப்பட்டுக் கிடந்த கருப்புக் காண்டாமிருகத்தைப் படமெடுத்து 2017-இல் பெரிய பரிசு வாங்கிய பிரென்ட் ஸ்டிர்டன், ஒரு சடலத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கொம்பு வியாபாரத்தையே பின்தொடர்ந்தார். இந்தத் துறையில் பறவையை ஃபோகஸ் பண்ணத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். 400 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்து, 212-ஆம் பக்கத்து எண்ணும் 371-ஆம் பக்கத்து எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்கக்கூடியவர் எத்தனை பேர்? அந்த ஆள் கையில் கேமராவும் இருந்தால்?

அதனால் ஒரு வருடம் வேலையில் இருந்துகொண்டே, ஓர் இரவுப் பயணத்தில் போய்வரக்கூடிய ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளமாக இருக்கலாம், ரயில் பாதையாக இருக்கலாம். அங்கே ஏற்கனவே வேலை செய்யும் ஆய்வாளரையோ குழுவையோ தேடிப்போய், என்ன படம் இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் லென்ஸே தேவைப்படாத படமாக இருக்கும்: அடிபட்டுக் கிடக்கும் பாம்பு, உடைந்த வேலி, குப்பை. தேதி, இடம், என்ன நடந்தது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். பொதுவெளியில் போடும்போது மட்டும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், வேட்டைக்காரர்களும் படம் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதல் வருடம் ஒரு கூட்டைப் படமெடுத்தேன். இலைக்கொத்து மறைத்தது, நூல் போட்டு ஒதுக்கிக் கட்டினேன். வெளிச்சம் நேராக உள்ளே விழ, மூன்று சிவந்த வாய்கள் திறந்தபடி, அப்படியொரு படம். கிளம்பும்போது நூலை அவிழ்க்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கூட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பஞ்சு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. காகமா பாம்பா, யாருக்குத் தெரியும், வழியைத் திறந்துவிட்டது நான். அந்தப் படத்தை எங்கேயும் போட்டதில்லை.

பிழைப்பா? படத்தை மட்டும் விற்றுச் சாப்பிடுபவர்கள் மிகக் குறைவு. வகுப்பு எடுப்பார்கள், கல்யாணப் படம் எடுப்பார்கள், நிதியுதவிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் இன்னும் மாதத்தில் பத்து நாள் மொழிபெயர்ப்பு செய்கிறேன். நீங்கள் பகுதிநேரமாக ஆடிட் பண்ணலாமே, அதில் என்ன கௌரவக் குறைச்சல்.

வீட்டில் சொல்லுங்கள், இன்னும் ராஜினாமா செய்யவில்லை என்று. எந்த இடம் என்று முடிவு செய்ததும் எனக்கு எழுதுங்கள், லென்ஸை அப்புறம் பார்க்கலாம்.