கடற்கரையை நேரில் வரைதல்: மூன்று பட்டைகளிலிருந்து வெளியே வருவது எப்படி?

கேள்வி: தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் உட்கார்ந்து பென்சிலில் வரைகிறேன். வானம், கடல், மணல் என்று மூன்று பட்டைகள்தான் வருகின்றன. ஆளில்லாத அந்தக் கரையின் முரட்டு அழகு தாளில் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்? (கடலூர் வாசகர்)

பதில்: முதலில், எந்த உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். தொடுவானக் கோடு எப்போதும் நம் கண்மட்டத்தில்தான் நிற்கும். ஈரமணல் ஓரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே இருக்கும். அவ்வளவு பெரிய கடலும் ஒல்லியான பட்டையாக ஒடுங்கிவிடும். பின்னால் இருக்கும் மணல்மேட்டில் ஏறிக்கொள்ளுங்கள். கடல் அகலமாகும், அலைவரிசைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஆட்களை வரையவும் இதே விதிதான். சமதளக் கரையில் நின்று வரைந்தால், உங்கள் உயரமுள்ள மீனவர் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவர் கண் தொடுவானத்தில் இருக்கும். நீங்கள் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கோடு அவர் இடுப்பருகே போகும்.

அப்புறம், கடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் முரட்டு அழகு பெரும்பாலும் காலடியில்தான் கிடக்கிறது. ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் தூறு ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். விறைத்த இலைகள் எல்லாப் பக்கமும் குத்திக்கொண்டு நிற்கும். காற்று மறைவான பக்கத்தில் மணல் நீளமாக ஒதுங்கியிருக்கும். அந்த மணல் ஒதுக்கத்தைச் சரியாக வரைந்தாலே படத்தில் காற்று வந்துவிடும். பக்கத்திலேயே அடும்பங்கொடி, ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலைகளோடு மணலில் நீளமாக ஓடும். அது ஓடும் திசையைப் பிடித்துக்கொண்டால் பார்ப்பவர் கண் தானாகக் கடல்வரை போகும். பட்டைகளை உடைக்க இதைவிட வலுவான வழி வேண்டுமென்றால் தென்பெண்ணை முகத்துவாரத்துக்குப் போங்கள். ஆற்றின் வளைவும் மணல்திட்டும் சேர்ந்து அந்தக் கிடைக்கோடுகளைக் குறுக்கே வெட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் அந்தத் திட்டே உருமாறிவிடும் என்பதால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தாலும் அலுக்காது.

அலையைத் துரத்தாதீர்கள். ஆழம் குறைந்ததும் அலை உடைகிறது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் உடைந்துகொண்டிருக்கும். அந்தக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, அடுத்தடுத்த அலைகளிலிருந்து வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம்.

நேரம்? நம்முடையது கிழக்குக் கரை. காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வரும். படகும் ஆட்களும் கருநிழலாகத் தெரிவார்கள். பென்சிலுக்கு இதுதான் நல்லது. சாயங்காலம் வெயில் முதுகுப் பக்கம் வரும்; வண்ணம் தீட்ட அதுவே சரி.

தாளில் மட்டும் நேர்வெயில் படவிடாதீர்கள். வெளிச்சத்தில் எல்லாமே வெளிறித் தெரிவதால் கை தன்னால் அழுத்தும். வீட்டில் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். உடம்பைத் திருப்பி, உங்கள் நிழலே தாளில் விழும்படி உட்காருங்கள். தாளின் நான்கு மூலைகளுக்கும் கிளிப் போடுங்கள், கடற்காற்று கிளம்பினால் இரண்டு போதாது.