பதிவு விலக்குப் பெற்ற முதலீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் நியூஜெர்சியில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் நிறைந்த வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர், டெக்சாஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சிலர் சேர்ந்து வாங்கவிருப்பதாகவும், குறைந்தது 50,000 டாலர் போட்டு எவரும் பங்குதாரராகலாம் என்றும் பதிவிட்டிருந்தார். ‘இது 506(பி) திட்டம். எஸ்.இ.சி.யில் (அமெரிக்கப் பங்கு, பத்திரச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு தேவையில்லை, டி படிவம் மட்டும் தாக்கல் செய்தாயிற்று’ என்று ஆணையத்தின் இணைப்பையும் அனுப்பினார். அரசுத் தளத்திலேயே இருப்பதால் நம்பிப் பணம் போடலாமா?

பதில்: அந்த இணைப்பு உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: திட்டத்தை நடத்துவோர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய 1933-ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டம், பொதுமக்களுக்குப் பங்கையோ கடன் பத்திரத்தையோ விற்க முனைபவர் முதலில் தம் தொழில், கணக்கு வழக்கு, நிர்வாகிகள், இடர்கள் ஆகியவற்றை விரிவாக எழுதி ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கட்டடத்தில் பங்கு என்பதால் இது சட்டத்தின் கைக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற ஹோவி நிறுவனத்தின் வழக்கில், பிறருடைய உழைப்பிலிருந்து லாபம் வரும் என்று எதிர்பார்த்துப் பொதுத் தொழிலொன்றில் பணம் போடும் ஏற்பாடும் இச்சட்டத்தின் கீழ் வரும் என்று 1946-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பதிவு விலக்கு என்றால், ஆணையம் அந்த விவரங்களைப் பரிசீலிக்கும் கட்டமே நீங்கிவிட்டது என்று பொருள். டி படிவத்தில் நிறுவனத்தின் பெயர், நிர்வாகிகள், திரட்டவிருக்கும் தொகை, எந்த விலக்கின் கீழ் வருகிறோம் என்ற அறிவிப்பு, தரகுத் தொகை போன்ற சில விவரங்களே இருக்கும். முதல் விற்பனை நடந்து 15 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவதில்லை. நேர்மையான திட்டமும் மோசடித் திட்டமும் அந்தத் தளத்தில் ஒரே மாதிரிதான் காட்சி தரும்.

உங்கள் கடிதத்தில் அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வாட்ஸ்அப் பதிவுதான். பதிவு விலக்குத் தரும் 506(பி) விதியின் கீழ் பணம் திரட்டுவோர் பொதுவெளியில் விளம்பரம் செய்யவோ அழைப்பு விடுக்கவோ கூடாது. யாரை அழைக்கிறார்களோ அவரோடு முன்பே பழக்கம் இருக்க வேண்டும். அதுவும் கோயிலில் பார்த்த பழக்கம் போதாது. அவருடைய நிதி நிலையையும் முதலீட்டு அனுபவத்தையும் எடைபோடும் அளவுக்கான தொடர்பாக இருக்க வேண்டும். பல நூறு பேர் கொண்ட குழுவில் ‘எவரும் சேரலாம்’ என்று எழுதியபின் இந்த நிபந்தனை நிறைவேறியதாக வாதிடுவது மிகவும் கடினம். உங்கள் நண்பர் ஆள் சேர்த்துக் கொடுப்பதற்குச் சதவீதக் கணக்கில் தரகு வாங்குகிறாரா என்பதையும் கேளுங்கள். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்திரங்களை விற்றுத் தருவதைத் தொழிலாகச் செய்பவர் தரகராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

கேள்வி: சட்டம் படிக்கும் மாணவி நான். ‘தனிப்பட்ட வெளியீடு’ எது, ‘பொது வெளியீடு’ எது என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் எப்படிப் பிரிக்கின்றன? எத்தனை பேருக்கு விற்கிறோம் என்ற எண்ணிக்கைதான் எல்லைக்கோடா? – மதுரை

பதில்: இல்லை என்பதே சுருக்கமான பதில், ஆனால் அந்த ‘இல்லை’ எப்படி வந்தது என்பது படிக்கச் சுவையானது. 1933-ஆம் ஆண்டுச் சட்டம், ‘பொது வெளியீடு அல்லாத’ விற்பனைக்குப் பதிவு வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பொது வெளியீடு என்றால் என்ன என்று விளக்காமல் விட்டுவிட்டது. இன்று 4(ஏ)(2) என்று வழங்கும் அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தது 1953-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ரால்ஸ்டன் பியூரினா வழக்கு.

செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த இந்நிறுவனம் கால்நடைத் தீவனமும் தானிய உணவுகளும் தயாரித்து வந்தது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1947-க்கும் 1951-க்கும் இடையில், பதிவு எதுவும் செய்யாமல், கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளைத் தன் ஊழியர்களுக்கே விற்றது. எல்லா ஊழியருக்கும் அல்ல, ‘முக்கிய ஊழியர்’களுக்கு மட்டும் கொடுத்தோம், ஆகவே இது வீட்டுக்குள் நடந்த விஷயம் என்பது நிறுவனத்தின் வாதம். யார் அந்த முக்கிய ஊழியர் என்று பார்த்தால், பட்டியலில் ரொட்டிக்கூட மேற்பார்வையாளர், தீவன மூட்டை ஏற்றுவோரின் மேற்பார்வையாளர், மின்பணியாளர், சுருக்கெழுத்தர், கிடங்கு எழுத்தர், ஓவியர், கால்நடை மருத்துவர் எல்லாரும் இருந்தார்கள். பதவி உயர்வுக்கு ஏற்றவர், நிர்வாகத்தின்பால் பரிவு கொண்டவர், முன்னேறும் ஆசை உள்ளவர் என்பதுதான் ‘முக்கிய’ என்பதற்கு நிறுவனம் கொடுத்த இலக்கணம். நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் சிதறியிருந்த இவர்களில், 1950-இல் பங்கு வாங்கிய சிலருடைய ஆண்டுச் சம்பளம் 2,435 டாலர் அளவில்தான் இருந்தது.

கீழ் நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சட்டம் தரும் பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவருக்கு விற்றால் அது பொது வெளியீடு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவருக்கு, அதாவது பதிவு அறிக்கை சொல்லக்கூடிய தகவல்களை வேறு வழியில் கேட்டுப் பெறும் நிலையில் உள்ளவருக்கு விற்றால் அது தனிப்பட்ட வெளியீடு. நிர்வாக இயக்குநருக்குக் கணக்குப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூட்டை ஏற்றுமிடத்தில் நிற்பவருக்கு இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதோடு, விலக்குத் தமக்கு உண்டு என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் அதைக் கோருபவருடையதே என்று நீதிமன்றம் சொன்னது. தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: பலரும் தீர்ப்பின் முதல் பாதியை எழுதிவிட்டு, இந்த நிரூபிக்கும் பொறுப்பை விட்டுவிடுகிறார்கள். வழக்கறிஞர் தொழிலில் அதிகம் பயன்படுவது அந்த இரண்டாம் பாதிதான்.

இந்த அளவுகோல் நியாயமானது. ஆனால் பணம் திரட்டும் சிறு நிறுவனத்துக்கு முன்கூட்டியே நிச்சயம் தருவது அல்ல. அந்தக் குறையைத் தீர்க்கவே ஆணையம் 1982-இல் ரெகுலேஷன் டி என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் 506(பி) விதியின்படி எவ்வளவு தொகை வேண்டுமானாலும் திரட்டலாம். அக்ரெடிட்டட் முதலீட்டாளர்கள், அதாவது வருமானம், சொத்து போன்றவற்றில் விதி வகுத்த தகுதியை எட்டியவர்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். அந்தத் தகுதி இல்லாதவர்கள் 35 பேருக்கு மேல் கூடாது. அந்த 35 பேரும் முதலீட்டின் நன்மை தீமைகளைத் தாமாகவோ ஓர் ஆலோசகரின் துணையோடோ எடைபோடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். எண்ணிக்கை எல்லைக்கோடு அல்ல என்று நீதிமன்றம் சொன்ன இடத்தில், விதியை எழுதியவர்கள் ஓர் எண்ணிக்கையைத்தான் நட்டார்கள். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. விதிக்குள் வராதவர்கள் இன்றும் 4(ஏ)(2) பிரிவை நேரடியாகக் காட்டி வாதாடலாம்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் சேர்த்துச் சென்ற இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு 3,10,000 டாலர் வருமானம். சொந்த வீடு இருக்கிறது. ஒரு நிதித் திட்டத்தின் விண்ணப்பத்தில் ‘நான் அக்ரெடிட்டட் முதலீட்டாளர்’ என்ற கட்டத்தில் குறியிடச் சொல்கிறார்கள். குறியிடலாமா? இன்னொரு திட்டக்காரர்கள் வருமான வரிக் கணக்கையே கேட்கிறார்கள். அது ஏன்? – கலிஃபோர்னியா

பதில்: கடந்த இரண்டு ஆண்டுகளிலும் தனியாக 2,00,000 டாலருக்கு மேல், அல்லது வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து 3,00,000 டாலருக்கு மேல் வருமானம் இருந்து, இந்த ஆண்டும் அவ்வளவு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால் நீங்கள் தகுதி பெறுகிறீர்கள். இந்த ஆண்டு உங்களில் ஒருவர் வேலையை விட்டிருந்தால் அந்தக் கடைசி நிபந்தனை தடுக்கும். அதை மறந்துவிட்டுக் குறியிடுபவர்கள் அதிகம். வருமானம் குறைந்தாலும் நிகரச் சொத்து (கடன் போக மிஞ்சும் சொத்து) 10 லட்சம் டாலரைத் தாண்டினால் போதும். ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை அதில் சேர்க்கக் கூடாது; 2010-ஆம் ஆண்டின் டாட்–ஃபிராங்க் சட்டம் அதை நீக்கிவிட்டது. ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தைச் சேர்க்கலாம். ஊரில் வாங்கிப்போட்ட மனை இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆனால் பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தை முழுவதும் தம் பெயரில் எழுதிக்கொள்வது சரியான கணக்காகாது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, சீரிஸ் 7, 65, 82 ஆகிய பத்திர விற்பனை, முதலீட்டு ஆலோசனைத் தொழில் உரிமங்களில் ஒன்றை நடப்பில் வைத்திருப்பவரும் சொத்துக் கணக்குப் பார்க்காமலே தகுதி பெறுவார்.

தனிநபருக்கான 2,00,000 டாலர், 10 லட்சம் டாலர் என்ற இந்த எல்லைகள் 1982-இல் வகுத்தவை. விலைவாசிக்கு ஏற்ப அவற்றை உயர்த்தவே இல்லை. அன்று பெருஞ்செல்வரை மட்டும் குறித்த வரம்பு, இன்று இருவரும் வேலைக்குப் போகும் பொறியாளர் குடும்பங்களைச் சர்வசாதாரணமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சம்பளம் உயர்ந்ததால் நிதி அறிக்கை படிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடாது என்பதால், இந்த வரம்பு ரால்ஸ்டன் பியூரினா வழக்கின் அளவுகோலிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது என்றே நான் கருதுகிறேன். இதன் விளைவு உங்களைத்தான் தொடும். வாங்குபவர் அனைவரும் அக்ரெடிட்டட் என்றால், இன்னின்ன தகவல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 506(பி) விதியில் இல்லை. தகுதி பெறாத ஒருவர் சேர்ந்தால்கூட, நிதி அறிக்கைகள் உட்பட விதியில் சொன்ன தகவல்களை அவருக்குத் தந்தாக வேண்டும். ஆகவே அந்தக் கட்டத்தில் குறியிடும்போது ஒரு பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வருமான வரிக் கணக்கைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 506(சி) விதியின் கீழ் வருபவர்கள். 2012-ஆம் ஆண்டின் ஜாப்ஸ் சட்டம் வழிவிட, 2013 செப்டம்பரில் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. இவர்கள் இணையத்திலும் மேடையிலும் வெளிப்படையாக விளம்பரம் செய்யலாம். அதற்கு ஈடாக, வாங்கும் ஒவ்வொருவரும் அக்ரெடிட்டட் ஆக இருக்க வேண்டும். அதை வெறும் குறியை நம்பாமல் நியாயமான முறையில் சரிபார்த்திருக்கவும் வேண்டும். வரிக் கணக்கைக் காட்டத் தயக்கமாக இருந்தால், உங்கள் கணக்காயரோ வழக்கறிஞரோ கடந்த மூன்று மாதங்களுக்குள் சரிபார்த்துத் தரும் கடிதத்தைக் கொடுக்கலாம்.

கேள்வி: இப்படிப்பட்ட திட்டத்தில் போட்ட பணத்தை வேண்டும்போது விற்று எடுக்க முடியுமா? விதியை மீறி விற்றார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது? – சிகாகோ

பதில்: நினைத்தபோது விற்க முடியாது. இவை கட்டுப்பாடுள்ள பத்திரங்கள். பொதுவில் கணக்கு வெளியிடாத நிறுவனம் என்றால், 144-ஆம் விதியின் வழியில் மறுவிற்பனை செய்யக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் வாங்க ஆள் கிடைக்க வேண்டுமே.

பதிவும் இல்லாமல், விலக்குக்கான நிபந்தனையையும் நிறைவேற்றாமல் விற்றிருந்தால், 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(ஏ)(1) பிரிவின் கீழ், அதுவரை பெற்ற வருமானத்தைக் கழித்துக்கொண்டு, போட்ட பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். ஏமாற்றினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் மீறல் நடந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். லாபப் பங்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் முதல் ஆண்டில் யாரும் வழக்கறிஞரைத் தேடிப் போவதில்லை என்பதால் பலர் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். பொய் சொல்லி விற்றிருந்தால் அது வேறு. பதிவிலிருந்து விலக்கு உண்டே தவிர, மோசடித் தடையிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை. 1996-இல் வந்த கூட்டரசுச் சட்டம், 506 விதியின் கீழ் வரும் வெளியீடுகளைத் தனித்தனியே பதிவு செய்யச் சொல்லும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டாலும், மோசடியை விசாரிக்கும் அதிகாரத்தை அவற்றிடமே விட்டுவைத்திருக்கிறது. உங்கள் மாநிலப் பத்திர ஒழுங்குமுறை அலுவலகத்திலும் புகார் தரலாம்.

கேள்வி: உறவினரின் தனியார் நிறுவனம் ‘தனிப்பட்ட ஒதுக்கீடு’ என்று கடன் பத்திரம் தர முன்வருகிறது. இந்தியாவிலும் இப்படி விலக்கு உண்டா? – கோயம்புத்தூர்

பதில்: உண்டு, ஆனால் இங்கே எண்ணிக்கைக்குத்தான் முதலிடம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் அதன் விதிகளும், ஒரு நிதியாண்டில் ஒவ்வொரு வகைப் பத்திரத்தையும் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் வழங்க முன்வரக் கூடாது என்கின்றன. பெரிய நிதி நிறுவனங்களும், ஊழியர் பங்குத் திட்டத்தில் வருவோரும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பழைய சட்டத்தில் இந்த எல்லை 50 பேர். அதைக் கடந்து, நண்பர்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புடையவர்கள் என்ற பெயரில் ஏறத்தாழ 3 கோடிப் பேரிடம் பணம் திரட்டிய இரண்டு சஹாரா நிறுவனங்களை, 24,000 கோடி ரூபாய் அளவிலான தொகையை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தருமாறு 2012 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

உறவினரிடம், உங்கள் பெயர் குறித்த, வரிசை எண்ணிட்ட பி.ஏ.எஸ்-4 படிவத்தை, அதாவது தனிப்பட்ட ஒதுக்கீட்டுக்கான அழைப்புக் கடிதத்தை, கேட்டு வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகத்தான் பணம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். பணம் பெற்ற 60 நாட்களுக்குள் பத்திரத்தை ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும், அதிலும் தவறினால் அறுபதாம் நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும்.