கன்று போட்டு மூன்று மாதம் ஆகியும் சினை நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்களுடையது ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசு, இரண்டாவது ஈற்று. கன்று போட்டு 100 நாள் ஆகிறது. ஆரம்பத்தில் 18 லிட்டர் கறந்தது, இப்போது 16. இரண்டு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. மாடு நன்றாக இளைத்துவிட்டது. தினமும் 5 கிலோ தீவனம் வைக்கிறோம், அதில் பாதி பருத்திப் புண்ணாக்கு. ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?"

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஊசிக் கணக்கு அல்ல, 'நன்றாக இளைத்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முதலில் சரிசெய்ய வேண்டியது தீவனத் தொட்டி. ஊசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈன்ற மாட்டுக்குப் பால் வேகமாக ஏறும், ஆறு வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டுவிடும். தீனி எடுப்பது அந்த வேகத்தில் ஏறாது. முழுப் பசி திரும்ப 10, 12 வாரம்கூட ஆகலாம். நடுவில் உள்ள பற்றாக்குறையை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் ஈடுகட்டுகிறது. அது ஓரளவுக்கு எல்லாக் கறவை மாட்டுக்கும் நடப்பதுதான். அளவு மீறினால் கரைந்த கொழுப்பு கல்லீரலில் தேங்கி, கீட்டோசிஸ் நோய் வரும். மாடு ஈன்ற புதிதில் பால் சொசைட்டியில் ஃபேட் (பாலின் கொழுப்பு அளவு) வழக்கத்துக்கு மேல் காட்டினால் நாம் சந்தோஷப்படுகிறோம். பல நேரம் அது மாட்டின் முதுகிலிருந்து கரைந்து வரும் கொழுப்பு.

இந்த நிலையில் உடம்பு முதலில் ஒதுக்கிவைப்பது முட்டையை உருவாக்கும் சினைப்பையின் வேலையை. மூளையிலிருந்து வரவேண்டிய ஹார்மோன் குறைகிறது. முட்டை வளர்ந்தாலும் வெடித்து வெளியே வருவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு முட்டை வளர்ந்து முதிர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. 60, 70ஆம் நாளில் ஊசி போடும்போது வெளிவரும் முட்டை, மாடு மிகவும் இளைத்துக்கொண்டிருந்த நாட்களில் வளர்ந்தது. அப்படிப்பட்ட முட்டை கரு தரித்தாலும் நிலைப்பது கடினம். அதனால் ஊசி போட்டவரையோ விந்துக் குச்சியையோ உடனே குறை சொல்ல வேண்டாம்.

சரி, தீவனத்துக்கு வருவோம். கறவையில் 2.5 லிட்டருக்கு 1 கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது), அதற்கு மேல் உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ என்பது பொதுக் கணக்கு. 16 லிட்டருக்கு எட்டு கிலோ வருகிறது. நீங்கள் வைப்பது ஐந்துதான். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிலோவாகக் கூட்டி, நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். கூட்டும் பங்கில் மக்காச்சோள மாவு அதிகம் இருக்கட்டும். புண்ணாக்கைக் கூட்டாதீர்கள். மாவுச்சத்து போதாமல் புரதம் மட்டும் மிகுந்தால் ரத்தத்தில் யூரியா ஏறி, கருப்பை கருவுக்கு ஏற்ற இடமாக இருக்காது. இளைத்த மாட்டுக்குப் புண்ணாக்கை அள்ளிக் கொட்டுவது நம் ஊரில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு. சோறும் கஞ்சியும் வாளி வாளியாக ஊற்றுவதும் அப்படித்தான், வயிறு புளித்துவிடும்.

கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல் 20, 25 கிலோ, அதோடு கொஞ்சம் வேலிமசால் (பயறுவகைத் தீவனப்பயிர்), வைக்கோலோ சோளத்தட்டோ மூன்று நான்கு கிலோ. தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம், விட்டுவிட்டு அல்ல. பைபாஸ் கொழுப்பு (முதல் வயிற்றில் கரையாமல் குடலில் செரிக்கும் கொழுப்பு) 100 முதல் 150 கிராம்வரை கொடுத்தால் இந்த மாட்டுக்குப் பலன் தெரியும்.

மாடு தேறுகிறதா என்பதை நோட்டில் குறியுங்கள். பின்னால் நின்று வால் அடியின் இருபக்கக் குழியைப் பாருங்கள், இடுப்பெலும்பின் முனையைக் கையால் தடவுங்கள். குழி தூர்ந்து முனையின் கூர்மை மழுங்க ஆரம்பித்தால் தீவனம் உடம்பில் ஒட்டுகிறது என்று அர்த்தம்.

இந்த நாட்களில் கால்நடை மருத்துவரை அழைத்து ஒருமுறை கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈன்றபோது நஞ்சுக்கொடி விழாமல் தங்கியிருந்தால், கருப்பையில் சீழ் இருந்தால், சினைப்பையில் கட்டி இருந்தால் தீவனம் மட்டும் போதாது. ஹார்மோன் ஊசி தேவையா என்பதை அவர் அப்போது முடிவு செய்யட்டும். எலும்பு தெரியும் மாட்டுக்கு அதைப் போட்டு, முட்டை வந்தாலும் தங்காமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பருவ அறிகுறி. அதிகம் கறக்கும் மாட்டுக்குக் கல்லீரல் வழியாகப் பாயும் ரத்தம் அதிகம். பருவ ஹார்மோன் அங்கே சீக்கிரம் கழிந்துவிடும். அதனால் பருவ அறிகுறி சில மணி நேரமே தெரியும், கத்தாமலும் இருக்கலாம். விடியற்காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஒருமுறை போய், கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா என்று பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். ஊசி போட்ட 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை மறுபடி பருவம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியாவிட்டால் 60 நாளில் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.