நடுத்தரத் துளை ரைஃபிள்: எந்தத் தோட்டா?

கேள்வி: ஆப்பிரிக்காவில் உரிமம் பெற்று எலாண்ட் மானையும் கேப் எருமையையும் வேட்டையாட ஒரே ரைஃபிள் வாங்க எண்ணுகிறேன். .375 எச் அண்ட் எச் மேக்னம் தோட்டாவா (குண்டின் விட்டம் 0.375 அங்குலம்), 9.3×62 தோட்டாவா (குண்டின் விட்டம் 9.3 மி.மீ., தோட்டாக்கூட்டின் நீளம் 62 மி.மீ.)?

பதில்: 1912இல் வெளிவந்த .375, ஏறத்தாழ 19.4 கிராம் குண்டை விநாடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் செலுத்துவதாலும், ஆபத்தான விலங்குகளுக்குப் பல ஆப்பிரிக்க நாடுகள் அந்த அளவையே குறைந்தபட்சமாகக் கொள்வதாலும், எருமை உங்கள் எண்ணத்தில் இருக்கும்வரை அதையே பரிந்துரைக்கிறேன். மான்கள் மட்டுமெனில், 1905இல் ஓட்டோ பொக் வடிவமைத்த 9.3×62 தாராளமாகப் போதும், பின்னுதைப்பும் குறைவு. எதை வாங்கினாலும் குண்டின் அமைப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்: தடித்த தோலையும் தோள் எலும்பையும் சிதறாமல் துளைத்து நெஞ்சறையை எட்டாத குண்டு, விலங்கைக் காயத்தோடு தவிக்கவிடும், அதை எந்த வேட்டைக்காரரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.