துளை பெரிதாக வேண்டும், இடம் மாறக்கூடாது: ஆட்டோகேடில் வட்டங்களை மாற்றுவது எப்படி?

கேள்வி: ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் டிராயிங் வேலை பார்க்கிறேன். கணினியில் டிராயிங் போடும் ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்த ஒரு பேஸ் பிளேட்டில் (அடித்தகட்டில்) எம்10 (10 மி.மீ.) போல்ட்டுக்காக 11 மி.மீ. துளைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இப்போது போல்ட்டை எம்12 ஆக்கிவிட்டார்கள்; துளை 13.5 மி.மீ. ஆக வேண்டும். எல்லா வட்டங்களையும் தேர்ந்தெடுத்து ஸ்கேல் (பெரிதாக்கும், சிறிதாக்கும் கட்டளை) கொடுத்தால் துளைகள் இடம் மாறிப் போகின்றன. ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டுமா? இன்னொன்று: ஒரு வட்டத்தை இரண்டு பாதியாக்க பிரேக் (உடைக்கும் கட்டளை) கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: ஒவ்வொன்றாக மாற்றவே வேண்டாம். ஸ்கேலையும் இந்த வேலைக்குத் தொட வேண்டாம். ஸ்கேலுக்கு நீங்கள் காட்டுவது ஒரே ஓர் அடிப்புள்ளி. அங்கிருந்து எல்லாமே பெருகும். துளை பெருகுவதைப் போலவே துளைக்குத் துளை உள்ள தூரமும் பெருகும். 11-ஐ 13.5 ஆக்க 1.227 என்று கொடுத்திருப்பீர்கள், 100 மி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு துளைகள் 122.7 மி.மீ.க்கு விலகிவிடும்.

ஆட்டோகேடுக்கு ஒரு வட்டம் என்பது மையமும் ஆரமும்தான். ஆரத்தை மட்டும் மாற்றினால் மையம் அசையாது. அதைச் செய்யும் இடம் ப்ராப்பர்ட்டீஸ் பலகை. வட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்துங்கள். டயாமீட்டர் என்ற கட்டத்தில் 13.5 என்று அடித்து என்டர் தட்டினால் அத்தனை வட்டங்களும் தத்தம் இடத்திலேயே பெரிதாகும். அதே பலகையில் பரப்பளவையும் மாற்றலாம். நீங்கள் கொடுக்கும் பரப்புக்கு ஏற்ப ஆரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். குழாய், காற்றுக்குழல் வேலை செய்கிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். ஏனோ பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, 11 மி.மீ. வட்டங்களை மட்டும் பொறுக்கி எடுப்பது எப்படி? பிளேட்டில் வேறு அளவுத் துளைகளும் இருக்குமே. செலக்ட் சிமிலர் என்ற கட்டளையை இங்கே நம்பாதீர்கள். வழக்கமான அமைப்பில் அது விட்டத்தைப் பார்ப்பதில்லை; அதே லேயரில் (டிராயிங் அடுக்கில்) உள்ள எல்லா வட்டங்களையும் அள்ளிக்கொண்டு வரும். க்விக் செலக்ட் கட்டளையை எடுங்கள். பொருள் வகையில் சர்க்கிள், பண்பில் டயாமீட்டர், ஈக்குவல்ஸ், மதிப்பு 11.

இதிலும் ஒரு பொறி உண்டு. வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பிலோ, அங்குலத்திலிருந்து மாற்றிய கோப்பிலோ, திரையில் 11.00 என்று தெரியும் வட்டம் உள்ளுக்குள் 10.9998 ஆக இருக்கலாம். 'சமம்' என்று கேட்டால் அது விடுபட்டுப் போகும். அதனால் முதலில் 10.9-ஐ விடப் பெரியவை என்று தேர்ந்தெடுங்கள். அப்புறம் மறுபடி க்விக் செலக்டைத் திறந்து, முழு டிராயிங்குக்குப் பதிலாக நடப்புத் தேர்வுக்குள் மட்டும் தேடச் சொல்லி, 11.1-ஐ விடச் சிறியவை என்று கேளுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பலகையின் உச்சியில் சர்க்கிள் என்பதற்குப் பக்கத்தில் எண்ணிக்கை தெரியும். அதை டிராயிங்கில் சொல்லியிருக்கும் துளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

கூடுதலாக வந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வட்டங்கள் கிடக்கலாம். ஓவர்கில் கட்டளையால் அவற்றை நீக்குங்கள். விட்டுவிட்டால் லேசர் வெட்டும் இயந்திரம் ஒரே துளையை இரண்டு முறை வெட்டப் போகும். குறைவாக வந்தால், வட்டமாகத் தெரியும் சில உருவங்கள் வட்டமே இல்லை என்று பொருள். ஒன்றைத் தொட்டு லிஸ்ட் கட்டளை கொடுங்கள், அது என்ன என்று சொல்லிவிடும். பிளாக் (ஒரே பெயரில் சேர்த்து வைத்த உருவத் தொகுப்பு) என்றால் பிளாக் எடிட்டரில் திறந்து உள்ளே உள்ள வட்டத்தை மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் அந்த பிளாக் வரும் இடமெல்லாம் மாறும். அரே (வரிசையாக அடுக்கிய நகல்கள்) என்றால் எடிட் சோர்ஸ் வழியாக ஒரு துளையை மாற்றிச் சேமித்தால் போதும். தயவுசெய்து இவற்றை எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனியாகப் பிரிக்காதீர்கள், நாளைக்கு இன்னொரு திருத்தம் வந்தால் நீங்களே வருந்துவீர்கள். பல துண்டுகள் இணைந்த பாலிலைனாக இருந்தால்தான் சிரமம். பிடிஎஃபிலிருந்து எடுத்த டிராயிங்குகளில் இப்படி வருவதுண்டு. அதற்கு விட்டம் என்ற கட்டமே கிடையாது. 13.5 மி.மீ. வட்டம் ஒன்றைப் புதிதாக வரைந்து மையத்துக்கு மையம் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதே விரைவு. லேயர் பூட்டியிருந்தாலும் வட்டம் மாறாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு துளைகள்தான் என்றால் வட்டத்தின் ஓரத்தில் தெரியும் நீலக் கிரிப்பை (பிடிப்புச் சதுரத்தை) சொடுக்கி அளவை அடிக்கலாம். ஆனால் அங்கே கேட்பது ஆரம். 13.5 என்று அடித்தால் 27 மி.மீ. துளை வந்து நிற்கும், 6.75 என்று அடிக்க வேண்டும்.

மாற்றிய பிறகு அளவுக் குறிப்புகளைப் பாருங்கள். வட்டத்தோடு இணைந்த டைமென்ஷன்கள் தாமாக 13.5 காட்டும். யாராவது எண்ணைக் கையால் மேலெழுதியிருந்தால் அது 11 என்றே நிற்கும். லீடரில் (அம்புக்கோட்டோடு) எழுதிய துளைக் குறிப்பும் வெறும் எழுத்துதான், தானாக மாறாது. ஃபைண்ட் கட்டளையில் தேடி மாற்றுங்கள். வெட்டுகிறவர் கோப்பைப் பார்ப்பார், துளையிடுகிறவர் தாளைப் பார்ப்பார். இரண்டிலும் வேறு வேறு எண் இருந்தால் பழி டிராயிங் போட்டவர் தலையில்தான் விழும். இது ஆட்டோகேட் சம்பந்தப்பட்டதல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன்: துளைகளுக்கு இடையே உள்ள தகடு 2.5 மி.மீ. குறைகிறது, ஓரத்திலும் 1.25 மி.மீ. போகிறது. சாதாரண வாஷரின் வெளிவிட்டமும் 20-லிருந்து 24 மி.மீ. ஆகிறது. பக்கத்தில் வெல்டோ விறைப்புத் தகடோ இருந்தால் இடிக்குமா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை ஒரே புள்ளியில் உடைக்கலாம், வட்டத்தை முடியாது. அப்படி உடைத்தால் மிஞ்சுவது 360 பாகை வில். ஆட்டோகேட் அதை வில்லாக ஏற்காது. இரண்டு புள்ளிகள் வேண்டும். பிரேக் கொடுத்து, வட்டத்தைத் தொட்டதும் எஃப் அடித்து, முதல் புள்ளியை வலது குவாட்ரன்டிலும் (வட்டத்தின் வலக்கோடிப் புள்ளியிலும்) இரண்டாவதை இடது குவாட்ரன்டிலும் வையுங்கள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது வரை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் உள்ள பகுதிதான் நீங்கும், அதனால் மேல் பாதி போய்க் கீழ்ப் பாதி நிற்கும். வரிசையை மாற்றினால் மேல் பாதி நிற்கும். உங்களுக்கு இரண்டு பாதியும் வேண்டும் என்பதால், நிற்கும் வில்லை மிரர் கட்டளையால் மறுபக்கமும் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வில்லை மறுபடி முழு வட்டமாக்க வேண்டியிருந்தால், ஜாயின் கொடுத்து, அந்த வில்லை மட்டும் தொட்டு, என்டர் தட்டி, எல் அடித்தால் மூடிக்கொள்ளும்.